வெள்ளிக்கிழமை அடுப்படியும் எங்க ஜொகூர் வாழ்க்கையும்



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. கடைசியில ஒரு வேண்டுகோள் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவும்.

கொஞ்ச நாளாவே நம்ம கோயிலுக்குப் புது முகங்கள் நிறைய வர்றாங்க. பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளம் குடும்பங்கள். தொழிற்சாலை, கணினி வேலை, இப்போ புதுசா வர்ற தரவு மையங்கள்னு ஆளுக்கொரு பக்கம். சாமி கும்பிடுவாங்க, விபூதி வாங்கிக்குவாங்க, தூண் ஓரமா கொஞ்ச நேரம் உட்காருவாங்க, கிளம்பிடுவாங்க. அப்படி வர்றவங்க எங்களைப் பார்த்தா ஒரு கேள்வி தவறாம கேட்பாங்க: "நீங்களும் ஊர்லேர்ந்து வந்தவங்கதானே? இங்க எப்படிங்க பழகினீங்க?"

நின்ன இடத்துல ரெண்டு வார்த்தையில சொல்லிட முடியாத கேள்வி அது. அதனால எழுதலாம்னு உட்கார்ந்தோம். நாங்க கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதறோம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். 2023 ஜூன் மாசம் ஜொகூர் பாருவுக்கு வந்தோம்.

இங்க வந்ததும் முதல்ல பழக வேண்டியது கடிகாரம். மலேசிய நேரம் நம்ம ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. ராத்திரி 9 மணிக்கு நாங்க சாப்பிட்டு முடிச்சுட்டு ஊருக்குப் போன் போட்டா அங்க 6:30. அம்மா விளக்கேத்திட்டு இருப்பாங்க. அவங்க வேலையெல்லாம் முடிச்சு நிதானமா பேச வரும்போது இங்க எங்களுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். அதுவும் போக, இங்க சூரியன் உதிக்கிறதே 7 மணி வாக்குலதான். ஊர்ப் பழக்கத்துல 5:30க்கு எழுந்து வாசல் தெளிக்கப் போனா வெளியே கும்மிருட்டு. 1982 ஜனவரி 1ஆம் தேதி இந்தப் பக்கத்துக் கடிகாரத்தை எல்லாம் அரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்க. அதுக்கு முன்னாடி இந்தியாவோட வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்.

இதைச் சொல்றதுக்குக் காரணம் உண்டு. புதுசா வர்றவங்க ஊர்ப் பஞ்சாங்கத்தையோ நாள்காட்டியையோ பெட்டியில வச்சுக் கொண்டு வந்துடறாங்க. அதுல திதி இந்திய நேரப்படி ராத்திரி 8 மணிக்கு ஆரம்பம்னு போட்டிருந்தா இங்க அது 10:30. இரண்டரை மணி கூட்டிக்கணும். ராகு காலத்துக்கு இந்தக் கூட்டல் கணக்கு ஆகாது. அது சூரிய உதயத்தை வச்சு வர்றது. வெள்ளிக்கிழமை 10:30 முதல் 12 வரைங்கறது காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கும்னு வச்சுப் போட்ட கணக்கு. இங்க உதயம் 7 மணி வாக்குலன்னா அதுவும் ஏறக்குறைய 11:30 முதல் 1 மணி வரைன்னு தள்ளிப்போகும். சந்தேகம்னா குருக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

அடுத்தது பேச்சு. தமிழ்தான், ஆனா இங்க அதுக்கு வேற ருசி. காலையில யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாட்டுக்கு இதைவிட அழகா ஒரு சொல் எங்களுக்குத் தெரிஞ்சு இல்லை. வண்டின்னா காடி, ரப்பர் மரம்னா கித்தா மரம், குடியிருப்புன்னா தாமான், பாஸ்போர்ட்னா கடப்பிதழ், வாட்ஸப்னா புலனம். ரிங்கிட்டுக்குப் பேரு வெள்ளி. பூக்கடைக்காரம்மா ஒரு நாள் சொன்னாங்க: "முழம் மூணு வெள்ளி, வெள்ளின்னா நாலு வெள்ளி." புதுசா வந்தவங்களுக்குத் தலை சுத்தும். ரெண்டு மாசம் போனா நீங்களே அப்படித்தான் பேசுவீங்க.

பக்கத்து வீட்ல ஒரு சீனக் குடும்பம், எதிர் வீட்ல மலாய்க் குடும்பம். அவங்க பெருநாளுக்கு லெமாங், ரெண்டாங் எல்லாம் தட்டு வரும். ரெண்டாங் மாட்டிறைச்சியா இருந்தா நமக்கு ஆகாதுன்னு அவங்களே கோழியில தனியா செஞ்சு அனுப்புவாங்க. தீபாவளிக்கு நம்ம முறுக்கு அங்க போகும். இதைத்தான் இங்க திறந்த இல்ல உபசரிப்புன்னு சொல்றாங்க. மழை வருஷம் முழுக்க உண்டு. கார்த்திகையா சித்திரையான்னு வெயிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாள்காட்டியைப் பார்த்தாத்தான் மாசமே தெரியும்.

இதெல்லாம் ஆறு மாசத்துல பழகிடும். டோல் அட்டையில காசு போடறது, மலாய்ல பத்து வரைக்கும் எண்ணறது, ஏழு மணிக்கு இருட்டப்போகுதுன்னு தெரிஞ்சு துணி எடுக்கறது எல்லாமே வந்துடும். ஆனா இது பழகினதால மட்டும் ஒரு ஊர் நம்ம ஊர் ஆயிடறதில்லை. எங்களுக்கு இது நம்ம ஊர் ஆனது வேற ஒரு வழியில.

நாங்க வந்தப்போ ஜொகூர்ல வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2014 ஜனவரியிலிருந்து 2024 முடிய அப்படித்தான் இருந்துச்சு. ஞாயிறு வேலை நாள். ஊர்ல சொந்தக்காரங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை சாவகாசமா கூப்பிடுவாங்க, நாங்க வேலையில இருப்போம். சலிப்பாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மன் கோயிலுக்கு அது பெரிய வரப்பிரசாதம். வெள்ளிக்கிழமை வீட்ல இருக்கற சனம் காலையிலேயே கோயிலுக்கு வந்துடும். அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டும்போதே காய் நறுக்க ஆள் இருக்கும்.

வந்து மூணாவது மாசம். ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுட்டு மண்டபத்துல நின்னுட்டு இருந்தோம். சமையல்கட்டிலிருந்து ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தாங்க. "சும்மாதானே நிக்கிறீங்க? வெங்காயம் கிடக்கு, வாங்க." பத்து கிலோ இருக்கும். எந்த ஊரு, என்ன வேலை, யார் வீட்டுப் பிள்ளைங்கன்னு ஒரு கேள்வியும் கிடையாது. கத்தியைக் கையில கொடுத்தாங்க. கண்ணுல தண்ணி வழிய உரிச்சோம். அடுத்த வாரம் கொஞ்சம் தாமதமாப் போனோம். அதே பெரியம்மா, "ஏன் இவ்வளவு நேரம்? உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்"னாங்க.

இந்த நாட்டுல அதுவரைக்கும் எங்களை யாரும் எதிர்பார்த்ததில்லை. ஆபீஸ்ல எதிர்பார்ப்பாங்க, அது வேலைக்கு. வீட்டுக்காரர் எதிர்பார்ப்பார், அது வாடகைக்கு. ஒரு வாரம் வரலைன்னா "ஏன் வரலை"ன்னு கேட்க ஒரு மனுஷி கிடைச்சது அன்னைக்குத்தான். ஒரு ஊர்ல நாம குடியேறிட்டோம்ங்கறதுக்கு எங்க கணக்குல அதுதான் அடையாளம்.

அந்தச் சமையல்கட்டுல கத்துக்கிட்டது நிறைய. பாயசத்துல ரம்பை இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்க விடுவாங்க, இங்க அதைப் பண்டான்ம்பாங்க. வாசனை தெருவுக்கே வரும். எங்க பக்கத்து வத்தக்குழம்பை நாங்க செஞ்சு காட்டினோம். முதல் தடவை "என்னம்மா இவ்வளவு புளிப்பு"ன்னாங்க. இப்போ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவங்களே கேட்கறாங்க.

2024 செப்டம்பர்ல எங்களுக்குக் குழந்தை பிறந்தது. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகணும்.

முதல் பிரசவம் அம்மா வீட்ல நடக்கறதுதான் நம்ம வழக்கம். ஆனா கர்ப்ப காலத்துல கொஞ்சம் சிக்கல் இருந்ததால, பயணம் வேண்டாம்னு மருத்துவர் சொல்லிட்டார். ஊர்ல அப்பாவுக்கு அப்போதான் அறுவை சிகிச்சை முடிஞ்சு நடக்கவே ஆரம்பிச்சிருந்தார். அம்மா அவரை விட்டுட்டு ரொம்ப நாள் வர முடியாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து வர்றவங்க விசா இல்லாம 30 நாள் தங்கலாம்னு ஆனது எங்களுக்கு வசதியாப் போச்சு. மருத்துவர் குறிச்ச தேதிக்கு ஒரு வாரம் முன்னால வந்து, குழந்தைக்கு மூணு வாரம் ஆனதும் கிளம்பறதுன்னு கணக்கு.

குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியாதே! குறிச்ச தேதி தாண்டி ஒன்பது நாள் கழிச்சு வந்தான். அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தாங்க. அம்மா விமானம் ஏறும்போது அவனுக்கு வயசு 14 நாள். லேகியத்தை டப்பாவுல போட்டு, எதை எப்போ கொடுக்கணும்னு தாள்ல எழுதி குளிர்சாதனப் பெட்டி மேல ஒட்டிட்டுப் போனாங்க. வாசல்ல நின்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே காடியில ஏறினாங்க. தையல் காயத்தோட நிமிர்ந்து உட்கார முடியாத மனைவி, குளிப்பாட்டத் தெரியாத கணவன், ராத்திரி பகல் தெரியாத பிள்ளை. மூணு பேரும் அழுதோம்னு சொன்னா மிகை இல்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு வாசல்ல காடிச் சத்தம். பெரியம்மாவும் இன்னும் ரெண்டு பேரும். கையில பூண்டுக் குழம்பு, அடுக்குச் சட்டியில சூடா சோறு. "உங்கம்மா போறதுக்கு முன்னாடி கோயிலுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க"ன்னாங்க பெரியம்மா. அது எங்களுக்கே தெரியாது.

அன்னையிலிருந்து முறை வச்சுக்கிட்டாங்க. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. ஒருத்தர் சுறாப் புட்டு. ஒருத்தர் விரால் மீன் ரசம். விராலை இங்க மலாய்க்காரங்க ஹாருவான்னு சொல்வாங்க. தையல் காயம் ஆறணும்னு அவங்களும் சீனக் குடும்பங்களும்கூட பிள்ளை பெத்தவங்களுக்கு அதைத்தான் கொடுக்கறாங்க. எதிர் வீட்டு மலாய் அம்மா வயித்துக்குச் சுத்திக் கட்டற பெங்குங் துணியைக் கொண்டு வந்து, எப்படிக் கட்டறதுன்னு செஞ்சு காட்டினாங்க. இன்னொரு அக்கா தினமும் வந்து பிள்ளையைக் காலில போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிட்டுப் போவாங்க. நாலாவது நாள் அந்த வேலையைக் கணவன் கையில கொடுத்துட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டாங்க. "பழகிக்கோ தம்பி. நான் தினமும் வர முடியாது"ன்னு.

எங்க வழக்கப்படி 30 நாள் தீட்டு. நாங்க கோயிலுக்குப் போக முடியாத அந்த நாட்கள்ல கோயில் எங்க வீட்டுக்கு வந்துச்சு. வந்தவங்க யாரும் உட்கார்ந்து கதை பேசினதில்லை, நன்றி எதிர்பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வழக்கம்போல சாயந்தரப் பூஜைக்குப் போயிட்டாங்க. 31ஆம் நாள் பிள்ளையை அம்மன் சந்நிதியில கிடத்தினப்போ, எங்க அம்மா போன்ல பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இங்க காலை 9 மணி, அங்க 6:30. "அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டேன்"னு ஒரே வார்த்தை சொன்னாங்க. எந்த அம்மாவைச் சொன்னாங்கன்னு நாங்க கேட்கலை.

பிறகு காகித வேலைகள். புதுசா வந்தவங்களுக்கு உதவும்னு சொல்றோம்: இங்க பிறந்த குழந்தையை 60 நாளுக்குள்ள தேசியப் பதிவு இலாகாவுல பதிஞ்சுடணும். பெற்றோர் ரெண்டு பேரும் இந்தியக் குடிமக்கள்னா, இங்க பிறந்ததால மட்டும் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை வராது. கோலாலம்பூர்ல இருக்கற இந்தியத் தூதரகம் வழியா இந்தியக் கடப்பிதழ் எடுத்து, அப்புறம் இங்க தங்கறதுக்கான அனுமதி வாங்கணும். ஜொகூர்ல பிறந்தவன் கையில இந்தியக் கடப்பிதழ். இது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குன்னு பெரியம்மாகிட்ட சொன்னோம்.

அவங்க சிரிச்சாங்க. அவங்களுக்கு இப்போ 76 வயசு. குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல, லயத்து வீட்ல பிறந்தவங்க. தாத்தா சேலம் பக்கம்னு மட்டும் தெரியும், கிராமத்துப் பேர் தெரியாது. பிறந்ததுக்குப் பத்திரம் எதுவும் இல்லை. அதனால ஆயுசுல பெரும்பகுதி நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கற சிவப்பு அடையாள அட்டையோடதான் இருந்தாங்க. இந்த மண்ணுலயே பால் மரம் வெட்டி, பிள்ளைகளைப் படிக்க வச்சு, பேரப்பிள்ளை எடுத்த பிறகு, எழுபது வயசுக்கு மேலதான் குடியுரிமைக்கான நீல அட்டை கைக்கு வந்துச்சு. "நான் ஊருக்குப் பழசு, கார்டுக்குத்தான் புதுசு. உன் பிள்ளைக்கு என்ன அவசரம்?"னாங்க.

அதுக்கு மேல நாங்க எதுவும் பேசலை.

இங்க இருக்கற பெரியவங்க வீட்டுக் கதை எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். நாங்க சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு நாலு மணி நேரத்துல வந்து இறங்கினோம். அவங்க பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்துலயோ சென்னையிலயோ கப்பல் ஏறி, நாள் கணக்கா அலையில ஆடி வந்து இறங்கினாங்க. ரஜூலா கப்பல் பேரைச் சொன்னா இன்னைக்கும் சில வயசானவங்க முகம் மாறும். நாங்க தினமும் வீடியோவுல ஊரைப் பார்க்கறோம். அவங்களுக்கு ஒரு கடுதாசி வர எத்தனை வாரம் ஆயிருக்கும்? போய்ச் சேர்ந்த இடத்துல காட்டை வெட்டணும், கங்காணிக்குப் பதில் சொல்லணும், காய்ச்சலோட பால் மரம் சீவணும். அந்தச் சூழ்நிலையிலும் முதல்ல ஒரு மரத்தடியில சூலத்தை நட்டு, மஞ்சள் துணி சுத்தி, அம்மான்னு கூப்பிட்டிருக்காங்க. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் வந்தது அப்படித்தான்.

நம்ம ஜொகூர் பாருவையே எடுத்துக்குங்க. சிங்கப்பூருக்குப் போற கடற்பாலம் முறைப்படி திறந்தது 1924ல. அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் அதுக்கும் முன்னால, 1911லேயே உண்டானது. இன்னைக்குக் கண்ணாடிக் கோயில்னு உலகமே வந்து பார்க்கற ராஜகாளியம்மன் கோயில், 1922ல ஒரு சின்னக் குடிசையாத்தான் ஆரம்பிச்சது. வந்து இறங்கினவங்க வசதி வந்த பிறகு கோயில் கட்டலை. ஒண்ணும் இல்லாதப்பவே கட்டினாங்க, ஏன்னா ஒருத்தரை ஒருத்தர் தேடி வந்து சேர ஒரு இடம் வேணும். இப்போ அந்த இடத்துக்குத்தான் நாம நோகாம வந்து நிக்கறோம்.

ஒண்ணு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. "ஊர்க்காரங்க தனியா நிப்பாங்க"ன்னு இங்கத்தவங்க சிலர் சொல்றதும், "லோக்கல் ஆளுங்க நம்மகிட்ட ஒட்ட மாட்டாங்க"ன்னு புதுசா வந்தவங்க சிலர் சொல்றதும் நம்ம காதுல விழுது. பேச்சு வேற, பழக்கம் வேற, அதனால ரெண்டு பக்கமும் ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் மண்டபத்துல போகாது. மண்டபத்துல எல்லாரும் சாமியைப் பார்த்து நிக்கறோம். சமையல்கட்டுலதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து உட்காரறோம். அங்க பத்து கிலோ வெங்காயத்துக்கு முன்னால எல்லாருக்கும் கண்ணு ஒரே மாதிரிதான் எரியுது.

நம்ம குருக்களையும் மறந்துடாதீங்க. அவரும் ஊரிலிருந்து வேலை அனுமதியில வந்தவர். மனைவி, பிள்ளைகள் அங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஆயுஷ் ஹோமம் பண்ணிட்டு, ராத்திரி நடை சாத்தின பிறகு தன் பிள்ளையை போன்லதான் கொஞ்சறார். ஒரு நாள் அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்க. அர்ச்சனைத் தட்டுல வைக்கற காசைவிட அது அவருக்குப் பெரிசு.

இப்போ வேண்டுகோளுக்கு வர்றோம்.

2025 ஜனவரி 1 முதல் ஜொகூர்ல விடுமுறை சனி, ஞாயிறுன்னு மாறிடுச்சு. வெள்ளி வேலை நாள். பிள்ளைங்க எல்லாம் விடிகாலை 4 மணிக்கே மோட்டார் சைக்கிள்ல கடற்பாலம் தாண்டிப் போறாங்க. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்க மூணு வெள்ளிக்கு மேல கிடைக்கும்போது யாரைக் குறை சொல்றது? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள தீபாராதனை முடிஞ்சுடுது. அதனால வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுப்படியில இப்போ இருக்கறது அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல. பெரியம்மாவுக்கு முட்டி வலி. தேக்ஸாவை இறக்க இன்னொருத்தர் கை கொடுக்கணும். ஆள் கிடைக்கலைன்னா அன்னதானத்தை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு குறைக்கலாமான்னு போன கூட்டத்துல பேச்சு வந்துச்சு. அது நடக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

1. வெள்ளிக்கிழமை மாலை 3 முதல் 7 வரை, ஒரு மணி நேரம் கிடைச்சாலும் வாங்க. முன் அனுபவம் வேண்டாம். கத்தி நாங்க தர்றோம்.

2. பகல்ல வர முடியாதவங்க, வியாழன் ராத்திரி 8:30க்கு வாங்க. காய் நறுக்கறதையும் பூண்டு உரிக்கறதையும் முதல் நாளே முடிச்சு வச்சுடலாம். சிங்கப்பூர் போய் வர்ற தம்பிகளுக்கு இது தோதா இருக்கும்.

3. அடுத்த மாசம் நம்ம கோயிலுக்கு வர்ற ரெண்டு குடும்பங்கள்ல பிரசவம். ரெண்டு பேருமே ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவங்க. ஒருத்தர் வீட்டுக்கு அம்மா வர்றாங்க, 30 நாள்தான். இன்னொருத்தருக்கு வர யாரும் இல்லை. பத்தியச் சாப்பாடு கொண்டு போக நாளுக்கு ஒரு வீடு வேணும். புலனக் குழுவுல உங்க கிழமையை மட்டும் போடுங்க, பேர் விவரம் எல்லாம் தனியா சொல்றோம். காரம் குறைவா, பூண்டு தாராளமா. அவங்க கதவு திறக்கணும்னு காத்திருக்க வேண்டாம். கேட்டுல மாட்டிட்டு, ஒரு செய்தி அனுப்பிட்டு வந்துடுங்க. தூங்கற பிள்ளையை எழுப்பாதீங்க.

செவ்வாய்க்கிழமையை நாங்க எடுத்துக்கிட்டோம். மீதி ஆறு நாள் காலியா இருக்கு.

அம்மன் அருளால் எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி.